மாராவின் மோதிரத்தை நான் கழற்றுவதில்லை

ஸ்கைரிம் என்ற வீடியோ விளையாட்டின் உலகில் கல்யாணப் பேச்சு கழுத்தில்தான் தொடங்குகிறது. மாரா தேவியின் பதக்கத்தை அணிந்துகொண்டு நடமாடினால், எனக்கு இன்னும் துணை அமையவில்லை என்று ஊருக்கே சொன்ன மாதிரி. கழுத்தில் தாலி ஏறினால் கல்யாணம் முடிந்தது என்று பார்த்தே வளர்ந்த எனக்கு இது தலைகீழாகப் பட்டது. ரிஃப்டன் நகரின் மாரா கோவில் பூசாரி மராமல் காரணம் சொன்னதும் ஒப்புக்கொண்டேன்: இங்கே வாழ்க்கை கடினம், ஆயுளும் குறைவு, நெடுநாள் பழகிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஒரு பக்கம் உள்நாட்டுப் போர், இன்னொரு பக்கம் டிராகன்கள். அந்த நாட்டுக்கு இந்த வழக்கம் சரிதான்.

200 பொற்காசுக்கு அவரிடமே பதக்கம் வாங்கிக்கொண்டு லிடியாவிடம் போனேன். வைட்ரன் நகரை ஆளும் யார்ல் எனக்குக் காவலாகத் தந்தவள், எத்தனையோ குகைகளில் என் மூட்டையைச் சுமந்தவள். உங்களைப் போன்றவருக்கு இன்னுமா ஆள் அமையவில்லை என்று ஆச்சரியப்பட்டாள்.

சடங்கு சின்னது. படைப்பு முழுவதையும் பெற்றெடுத்தவள் மாரா என்று மராமல் தொடங்கி, சம்மதமா என்று கேட்பார். அந்தக் கடைசி நொடியில்கூட மறுத்துவிடலாம். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணக்கலாம். 2011இல் வந்த இந்த விளையாட்டு இதைப் பெரிய பேச்சாக்காமல் இயல்பாக விட்டது எனக்கு இன்றும் பிடிக்கும்.

அப்புறம்தான் கல்யாண மோதிரம். குணமாக்கும் மந்திரங்களுக்கு ஆகும் சக்தியை 10 சதவீதம் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மோதிரம்தான் அணிய முடியும். இதைவிட வலுவான மோதிரங்கள் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். பலர் அன்றைக்கே இதைக் கழற்றிப் பெட்டிக்குள் போடுகிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. வில்லுக்கு வலு சேர்க்கும் மோதிரத்தை விட்டுவிட்டு இதைப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போகிறேனே, அதில்தான் இந்தக் கல்யாணம் எனக்கு நிஜமாகிறது. மனைவி தினமும் தரும் 100 பொற்காசிலோ வீட்டுச் சாப்பாட்டிலோ அது இல்லை.

ஒன்று மட்டும் கவனம்: நிச்சயித்த மறுநாள், விடிந்து பொழுது சாய்வதற்குள் கோவிலில் இருக்க வேண்டும். என் நண்பன் ஏதோ ஒரு குகைக்குள் போய்விட்டு நேரத்தைத் தவறவிட்டான். மணப்பெண் கடும் கோபத்தில் இருந்தாள். சமாதானப்படுத்தி, மராமலிடம் மறுபடி நாள் குறித்து, அதன்பிறகே கல்யாணம் நடந்தது.