டோர் சூப்பர்வைசர் பயிற்சி: பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

கேள்வி: அனைவருக்கும் வணக்கம். முதுகலைப் படிப்புக்காகக் கோவையிலிருந்து லண்டன் வந்திருக்கிறேன். ஈஸ்ட் ஹாமில் தங்கியிருக்கிறேன். கிடங்கு வேலை ஒரு வாரம் இருக்கிறது, மறுவாரம் இல்லை. அறை நண்பர் டோர் சூப்பர்வைசர் (மதுக்கூட வாசல் காவலர்) லைசென்ஸ் எடுக்கச் சொல்கிறார். "இரண்டே நாள் வகுப்பு, தேர்ச்சிக்கு உத்தரவாதம்" என்று ஒரு வாட்ஸ்அப் விளம்பரமும் வந்தது. நான் ஒல்லியான ஆள். பப் வாசலில் என்னை நிறுத்துவார்களா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, உடம்பைப் பற்றிய கவலையைத் தள்ளி வையுங்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது விசாவை.

மாணவர் விசாவில் பட்டப்படிப்பு நிலையில் இருப்பவர்கள் கல்விப் பருவத்தில் வாரம் 20 மணிநேரம்தான் வேலை செய்யலாம். வாரம் என்பது திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது. ஞாயிறு இரவு தொடங்கி விடிய முடியும் வேலையில் நள்ளிரவுக்குப் பிந்திய மணிநேரம் அடுத்த வாரக் கணக்கில் சேரும். இரவு வேலைக்காரர்கள் இதைக் கையில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வாசல் வேலைக்கு ஆள் எடுக்கும் பலர் "நீங்கள் சுயதொழில், பில் எழுதிக் கொடுங்கள்" என்பார்கள். மாணவர் விசாவில் சுயதொழில் செய்யவே கூடாது. சம்பளச் சீட்டுக் கொடுத்து, வரி பிடித்து, முறையாக வேலைக்கு வைப்பவரிடம் மட்டும் போங்கள். படிப்பு முடிந்து கிராஜுவேட் விசாவுக்கு மாறினால் இந்தத் தடைகள் நீங்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செக்யூரிட்டி வேலையைக் காட்டி ஸ்பான்சர் விசா வாங்கித் தருவதாக யாராவது ஆயிரக்கணக்கில் பவுண்டு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். காவலாளி வேலை ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குத் தகுதியான தொழில்களில் இல்லை. எந்த ஏஜெண்டாலும் அதை மாற்ற முடியாது.

இனி லைசென்ஸ். தனியார் பாதுகாப்புத் தொழிலுக்கான 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எஸ்ஐஏ (செக்யூரிட்டி இண்டஸ்ட்ரி அத்தாரிட்டி) என்ற அரசு அமைப்பு இதை வழங்குகிறது. லைசென்ஸ் இல்லாமல் வாசலில் நிற்பது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். வெறும் காவலாளி லைசென்ஸ் வைத்திருப்பவர் மதுக்கூடத்தின் வாசலில் நிற்க முடியாது. டோர் சூப்பர்வைசர் லைசென்ஸ் உள்ளவரோ கடை, அலுவலகம், கட்டுமானத் தளம் எங்கும் காவல் பார்க்கலாம். அதனால்தான் பப் பக்கமே போகாதவர்கள்கூட இதையே எடுக்கிறார்கள். உங்களுக்கும் அதுதான் சரி.

லைசென்ஸ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். விண்ணப்பக் கட்டணம் 200 பவுண்டுக்கு அருகில் வரும். மறுத்துவிட்டால் திரும்பத் தரமாட்டார்கள். பயிற்சிக் கட்டணம் வேறு. புதிதாக வந்தவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு: கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்த வெளிநாட்டிலாவது தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால், அந்த நாட்டின் குற்றப்பதிவுச் சான்றிதழ் வேண்டும். உங்களுக்கு அது இந்தியாவின் பிசிசி, அதாவது போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ். என்னைப் போல் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குப் பொலிஸ் அறிக்கை. நடுவில் துபாயிலோ கத்தாரிலோ வேலை பார்த்தவர்கள் அங்கிருந்தும் எடுக்க வேண்டும். இதுதான் நாள் பிடிக்கும். வகுப்பில் சேர்ந்த பிறகு தேடத் தொடங்கினால் கையில் தேர்ச்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான்.

பயிற்சிக்குள் நுழையும் முன்பே முதலுதவித் தகுதி இருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரலில் வந்த விதி. வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து குறைந்தது 12 மாதமாவது அந்தச் சான்றிதழ் செல்லுபடியாக வேண்டும். பெரும்பாலான நிலையங்கள் இரண்டையும் சேர்த்தே நடத்துகின்றன: முதலுதவிக்கு ஒரு நாள், டோர் சூப்பர்வைசர் பகுதிக்கு ஆறு நாள். சில பாடங்களை வீட்டிலிருந்து படிக்க அனுமதி உண்டு. உடல்வழித் தலையீட்டுப் பயிற்சியை, அதாவது ஒருவரைப் பிடித்துக் கட்டுப்படுத்தும் முறையை, நேரில்தான் செய்தாக வேண்டும். செய்முறைத் தேர்வை வீடியோ எடுத்து வைப்பார்கள். இப்போது அந்த வாட்ஸ்அப் விளம்பரத்தை மறுபடி பாருங்கள். இரண்டு நாளில் இதையெல்லாம் எப்படி முடிப்பார்கள்? விடையைச் சொல்லிக் கொடுத்து, வருகைப் பதிவில் பொய்க் கையெழுத்து வாங்கித்தான். அது பிடிபட்டால் உங்கள் தகுதி போகும், லைசென்ஸும் போகும். நடத்தியவன் வேறு பெயரில் வேறு தெருவில் கடை விரிப்பான். எந்த நிலையமாக இருந்தாலும் எஸ்ஐஏ இணையதளத்தில் உள்ள பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

நல்ல நிலையம் என்றால் சேர்க்கும்போதே உங்கள் ஆங்கிலத்தைச் சோதிக்கும். பி2 நிலை (ஐரோப்பிய மொழி அளவுகோலில் நடுத்தரத்துக்கு மேற்பட்ட நிலை) எதிர்பார்க்கப்படுகிறது. சோதிக்காமல் சேர்த்துக்கொண்டால் அதுவே ஒரு அபாய மணி. முதுகலை மாணவருக்குப் படிப்பதும் எழுதுவதும் கடினமாக இருக்காது. ஆனால் வாசலில் உங்களோடு பேசுபவர் பேராசிரியர் அல்லர். ஐந்து பைண்ட் பியர் குடித்துவிட்டு வந்தவர். பக்கத்தில் இசை அலறும். அவர் சொல்வது நகைச்சுவையா, மிரட்டலா என்று உடனே பிடிபட வேண்டும். அந்தக் காது பழகத்தான் நாள் எடுக்கும்.

இங்கேதான் உங்கள் ஒல்லி உடம்புக்குப் பதில் இருக்கிறது. நம்மவர்கள் பலர் இதைப் பவுன்சர் வேலை, தள்ளுமுள்ளு வேலை என்று நினைத்து வருகிறார்கள். பயிற்சியில் பெரும்பகுதி பேச்சுதான்: கோபமாக இருப்பவரிடம் எவ்வளவு தள்ளி நிற்பது, கையை எங்கே வைப்பது, "இல்லை" என்பதை மானம் போகாமல் எப்படிச் சொல்வது. நண்பர்கள் முன்னால் ஒருவரை அவமானப்படுத்தினால் சண்டை உறுதி. ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்தி, வீட்டுக்குப் போக ஒரு நல்ல காரணத்தைக் கையில் கொடுத்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள். ஊர்க் கோயில் திருவிழாவில் கூட்டத்தைக் கட்டுப்படுத்திய பெரியவர்களுக்கு இது புதிதல்ல.

சட்டம் உங்களுக்குத் தரும் அதிகாரம் மிகக் குறைவு. பொலிஸுக்கு உள்ள சிறப்பு அதிகாரம் எதுவும் இல்லை. சாதாரணக் குடிமகனுக்கு உள்ளதே உங்களுக்கும்: பாரதூரமான குற்றம் நடந்தால் பொலிஸ் வரும்வரை பிடித்து வைக்கலாம், சூழ்நிலைக்கு நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். உடல் சோதனைக்கு அவர் சம்மதம் வேண்டும். சம்மதிக்காதவரை உள்ளே விடாமல் இருக்கலாம். சட்டைப் பையில் கை விட முடியாது. இனம், மதம், ஊனம் பார்த்து மறுத்தால் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் குறுக்கே நிற்கும்.

ஒரு பாடத்தை மட்டும் தூங்கி வழியாமல் கேளுங்கள். ஒருவரைத் தரையில் குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினால் மூச்சுத் திணறிச் சாகக்கூடும். குடித்தவர், பருமனானவர், போதை எடுத்தவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். "மூச்சு முட்டுகிறது" என்று அவர் சொன்னால் அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். பேச முடிகிறவருக்கு மூச்சு இருக்கிறது என்பது தவறான நம்பிக்கை.

பயங்கரவாதம் பற்றிய பகுதியும் உண்டு. மான்செஸ்டர் அரங்கில் 2017 மே 22 அன்று 22 பேர் கொல்லப்பட்டதன் தொடர்ச்சியாக, பொது இடங்கள் பயங்கரவாதத் தாக்குதலுக்கு முன்கூட்டியே தயாராக இருக்கச் சொல்லும், மார்ட்டின் சட்டம் எனப்படும் சட்டம் 2025 ஏப்ரலில் நிறைவேறியது. அதைக் கண்காணிக்கும் பொறுப்பும் எஸ்ஐஏவுக்கே. வாசலில் நிற்பவரின் கண்ணுக்கு இனி மதிப்பு கூடும் என்பது என் எண்ணம்.

சம்பளத்தில் பெரிய கனவு வேண்டாம். 21 வயது நிறைந்தவருக்கான குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. வாசல் வேலை அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு விலையாக வெள்ளி, சனி இரவுகள் போகும். நிறத்தைச் சொல்லித் திட்டு வாங்க வேண்டியும் வரும். நல்ல காலணிக்கும் உள்ளே அணியும் தெர்மல் ஆடைக்கும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் இரவுப் பஸ் இருக்கிறதா என்று பாருங்கள். டாக்ஸியில் வீடு வந்தால் அன்றைய உழைப்பில் நல்ல பங்கு அதிலேயே போய்விடும்.

கேள்வி: நான் லெஸ்டரில் இருக்கிறேன். கணவர் ஸ்கில்டு வொர்க்கர் விசா, நான் அவரைச் சார்ந்த விசா. பெண்கள் இந்த வேலைக்குப் போகிறார்களா அண்ணா?

பதில்: போகிறார்கள் தங்கச்சி, தேவையும் அதிகம். பெண்களைப் பெண்கள்தான் சோதிக்க வேண்டும் என்பதால் நல்ல இடங்கள் ஒரு குழுவில் ஒரு பெண்ணாவது இருக்கப் பார்க்கும். கழிப்பறையில் மயங்கிக் கிடக்கும் பெண்ணைப் பார்ப்பது, "ஏஞ்சலா இருக்கிறாரா?" என்று கேட்டு வரும் பெண்ணுக்கு உதவுவது எல்லாம் உங்களிடம்தான் வரும். துணையோடு வந்த இடத்தில் பயமாக இருந்தால் அப்படிக் கேட்கலாம் என்பது இங்கே பல மதுக்கூடங்களில் உள்ள ஏற்பாடு. உங்கள் விசாவில் 20 மணிநேரக் கட்டுப்பாடு கிடையாது, சுயதொழிலும் செய்யலாம். இரவு வேண்டாம் என்றால் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் பகல் வேலை தேடுங்கள். இதே லைசென்ஸ் போதும்.

கேள்வி: என் லைசென்ஸ் அடுத்த ஆண்டு முடிகிறது. மறுபடி முழு வகுப்பா?

பதில்: முழு வகுப்பு வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் புதுப்பிப்பவர்கள் ஒரு குறுகிய மறுபயிற்சியை முடித்திருக்க வேண்டும், முதலுதவிச் சான்றிதழும் அப்போது செல்லுபடியாக இருக்க வேண்டும். முடிவதற்கு நான்கு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மிச்சமிருக்கும் நாட்கள் புது லைசென்ஸில் சேர்ந்துவிடும், அதனால் கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள்.