மேட்டில் மட்டும் சூடேறும் டொல்பின் வேன்: ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் எதைப் பார்க்கலாம்?

மேல்கொத்மலை எழுதியது:

வணக்கம். என்னுடையது பழைய டொல்பின் வேன் (டொயோட்டா ஹையேஸ்), 3எல் என்ற வகை டீசல் என்ஜின். தலவாக்கலையில் இருந்து கட்டுநாயக்க, கொழும்பு என்று ஹயர் ஓடுகிறேன். இறங்கிப் போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. திரும்பி வரும்போதுதான் வினை. அவிசாவளை வரை சூட்டு முள் பாதிக்குக் கீழே அசையாமல் நிற்கும். கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏற்றம் தொடங்கினால் மெல்ல மெல்ல ஏறும். ஆட்கள் நிறைந்து, கூரையில் பெட்டிகளும் இருந்தால் சிவப்புக் கோடு வரைக்கும் போகப் பார்க்கும். இரவில் வந்தால் அவ்வளவு இல்லை. ஹட்டனில் நிறுத்தி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு எடுத்தால் வீடு வரை பரவாயில்லை.

இன்னும் இரண்டு மூன்று விஷயம். காலையில் ரிசர்வ் டாங்கி விளிம்பு வரை நிறைந்திருக்கிறது, ஆனால் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு விரல் அளவு குறைவு. ஒயில் ஊற்றும் மூடியின் உட்பக்கம் வெள்ளையாகக் களிம்பு மாதிரி படிகிறது. டிப்ஸ்டிக்கில் வரும் ஒயில் சுத்தம். காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் வெள்ளைப் புகை.

கராஜ் ஒன்றில் அந்த ஒயில் மூடியை மட்டும் பார்த்துவிட்டு "ஹெட் கஸ்கட் போய்விட்டது, ஹெட்டைத் தூக்க வேண்டும்" என்றார்கள். என்ஜின் தலைக்கும் பிளொக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகட்டைத்தான் சொல்கிறார்கள். செலவைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதற்கு முன் நானே பார்க்கக்கூடியது என்னென்ன?

டிக்கோயாக்காரன் எழுதியது:

அண்ணே, தண்ணீர் சூடாகும் வரை ரேடியேட்டர் வழியை அடைத்து வைக்கிற அந்தத் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டு ஓடுங்கள். மலைநாட்டு வண்டிக்கு அது எதற்கு? எங்கள் பக்கத்து லொறிகள் பாதிக்கு மேல் அது இல்லாமல்தான் ஓடுகின்றன.

கம்பளை பாஸ் எழுதியது:

தம்பி, ஹெட்டில் கை வைக்க வேண்டாம். தேர்மோஸ்டாட்டையும் வீச வேண்டாம், அதற்குப் பிறகு வருகிறேன். எந்த இடத்தில், என்ன வேகத்தில் சூடேறுகிறது என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

என்ஜினில் எரிகிற டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சில்லுக்குப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் போகும். மீதியைத் தண்ணீர் சுமந்து ரேடியேட்டரில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அவிசாவளை ரோட்டில் நல்ல வேகத்தில் ஓடும்போது முன்னால் இருந்து அடிக்கும் காற்றே அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். கினிகத்தேனை ஏற்றத்தில் வண்டி 20, 25இல் ஊர்கிறது. டீசல் அதிகம் எரிகிறது, காற்று வருவதில்லை. அங்கே ரேடியேட்டரை ஆறவைப்பது பேன் மட்டும்தான். அதோடு கித்துல்கல தாழ்வான இடம், பகலில் வேர்த்துக் கொட்டும். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம், காற்றே குளிர். இரவில் பிரச்சினை குறைவதும் ஹட்டனுக்கு மேலே அடங்குவதும் அதனால்தான். ஆக, என்ஜின் புதிதாக எங்கிருந்தோ சூட்டை உண்டாக்குகிறது என்பதைவிட, வழக்கமான சூட்டை வெளியே தள்ள முடியாமல் திணறுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

முதலில் ரேடியேட்டர் மூடி. இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், கராஜ்காரர்களும் கூட. மூடியின் தலையில் 0.9 என்று போட்டிருக்கும், அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு 0.9 கிலோ அழுத்தம், சதுர அங்குலத்துக்கு இறாத்தல் கணக்கில் 13க்குக் கொஞ்சம் குறைவு. அந்த அழுத்தம் வரை அது தண்ணீரை அடக்கி வைக்கும். கொழும்பில் வெறும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், ஹட்டனில் 96 அளவில், நுவரெலியாவில் 94 அளவில். என்ஜின் சாதாரணமாக ஓடுகிற சூடே 85, 95 பாகை. அதாவது மூடி அழுத்தம் பிடிக்காத வண்டி கொழும்பில் எப்படியோ தப்பித்துவிடும், நுவரெலியாவில் ஒரு கோளாறும் இல்லாமலே கொதித்துவிடும். மூடி சரியாக இருந்தால் அங்கேயும் 115 பாகை வரை தாங்கும். நம்முடைய மலையில் மூடிக்கு அவ்வளவு மதிப்பு.

மூடிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நடுவில் சின்னதாக, காசு அளவில் ஒரு வால்வு தொங்கும். என்ஜின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, அந்த வால்வு திறந்து, ரிசர்வ் டாங்கியில் இருந்து தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வண்டியில் டாங்கி நிறைந்து கிடக்கிறது, ரேடியேட்டர் குறைந்து கிடக்கிறது. வெளியே தள்ளிய தண்ணீர் திரும்பி வரவில்லை என்றுதானே அர்த்தம்? நகத்தால் அந்த வால்வை இழுத்துப் பாருங்கள். இலேசாக வந்து, விட்டதும் போய் ஒட்ட வேண்டும். துரு பிடித்து இறுகியிருந்தாலோ, ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ புது மூடி போடுங்கள். வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள், கழுத்தின் ஆழம் வண்டிக்கு வண்டி மாறும். டாங்கிக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தாலும் தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும், அதையும் பாருங்கள்.

அடுத்தது பேன். உங்கள் என்ஜினில் பேனின் நடுவே இருக்கும் கப்ளிங்கிற்குள் சிலிக்கன் ஒயில் இருக்கிறது. முகப்பில் சுருள் தகடு ஒன்று இருக்கும். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடாகும்போது அந்தத் தகடு வால்வைத் திறந்து, பேனைப் பிடித்து முழுவேகத்தில் சுற்ற வைக்கும். நல்ல கப்ளிங் என்றால் ஏற்றத்தில் ஒரு கட்டத்தில் 'ஓ'வென்று இரைச்சல் கேட்கும். கடைசியாக அந்த இரைச்சலை எப்போது கேட்டீர்கள்? ஏற்றத்தில் நன்றாகச் சூடேறியதும் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். ஒருவர் சாவியை அணைக்க, மற்றவர் பேனைப் பார்க்க வேண்டும், கையை உள்ளே விடக்கூடாது. உடனே நிற்க வேண்டும். கூரை விசிறி மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தால் கப்ளிங் போய்விட்டது. நடுவில் ஒயில் கசிந்து தூசி பிடித்திருந்தாலும் அதே கதைதான். பேனைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கேயாவது முட்டி உடைந்த பிறகு திரும்பப் போடாமல் விட்ட வண்டிகள் நிறைய. கூடு இல்லாத பேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல், பக்கத்தில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

பிறகு ரேடியேட்டர். முன்னால் இருந்து பார்த்து சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் முன்னால் இருந்தால் இரண்டுக்கும் நடுவே டோர்ச் அடித்துப் பாருங்கள். கழுவும்போது என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெல்லிய வேகத்தில் தண்ணீர் அடியுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் கன்னை நேராகப் பிடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகட்டு இதழ்களெல்லாம் படுத்துவிடும், அதோடு காற்றும் நின்றுவிடும். வெளிப்பக்கம் சுத்தமாக இருந்தும் சூடேறினால் உள்ளே குழாய் அடைப்பு. வண்டி சூடான பிறகு ரேடியேட்டரின் மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று சூட்டை அளந்து பார்த்தால், நடுவில் திடீரென்று குளிர்ந்த இடம் வரும். அதுதான் அடைத்த குழாய். பீலித் தண்ணீரையே வருஷக்கணக்காக ஊற்றிக்கொண்டிருந்தால் உள்ளே துரு வராமல் என்ன செய்யும்? மலைநாட்டில் கூலன்ட் உறைபனிக்காக வேண்டியதில்லை, துருவைத் தடுக்கத்தான் வேண்டும்.

இப்போது தேர்மோஸ்டாட். டிக்கோயாத் தம்பி கோபிக்கக்கூடாது. இந்த என்ஜின்களில் தேர்மோஸ்டாட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேலே ரேடியேட்டர் வழி திறக்கும்போது, அந்தத் தட்டு போய் பைபாஸ் வழியை மூடும். தேர்மோஸ்டாட் இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். ஏற்றத்தில் இன்னும் மோசமாகும், இறக்கத்தில் என்ஜின் சூடே ஏறாமல் டீசலைக் குடிக்கும்.

ஹெட் கஸ்கட் சந்தேகம் தீர வேண்டுமென்றால், காலையில் என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் சூடாவதற்கு முன்பே, ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல்லாக இறுகினால் சிலிண்டரில் இருந்து வாயு தண்ணீருக்குள் வருகிறது. இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் நீல நிறச் சோதனைத் திரவம் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் குழாயை வைத்து, அங்கே வரும் காற்றை அதன் வழியே இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது பச்சையாகவோ மஞ்சளாகவோ நிறம் மாறும். அந்தச் சோதனை செய்யாமல் ஹெட்டைத் தூக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஊவாப் பக்கம் எழுதியது:

பாஸ் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒயில் மூடியில் வெள்ளைக் களிம்பு, காலையில் வெள்ளைப் புகை இரண்டும் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் பாதி வண்டிகளில் இருக்கும். குளிர் ஊரில் பக்கத்துக் கடை வரை ஓடி நிறுத்தினால் என்ஜினுக்குள் ஈரம் தங்கி மூடியில்தான் படியும். டிப்ஸ்டிக் ஒயில் சுத்தம், தண்ணீரும் காணாமல் போகவில்லை என்றால் அதை வைத்துப் பயப்பட வேண்டாம். புகை என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் விடாமல் வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

சூடு அளக்கும் துப்பாக்கி வாங்கினால், பளபளக்கும் அலுமினியத்தில் நேராகக் காட்டாதீர்கள், குறைத்துக் காட்டும். அங்கே ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் அளவுங்கள்.

பெரகலை ஏற்றத்தில் நாங்கள் செய்வது: மூன்றாம் கியரில் கறுப்புப் புகையோடு முக்க விடாமல் நேரத்தோடு இரண்டுக்கு மாற்றுவது. என்ஜின் சுற்று கூடினால் வோட்டர் பம்பும் பேனும் கூடவே வேகமாகச் சுற்றும். முள் ஏறப் பார்த்தால் ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவிடுவோம். பயணிகள் திட்டுவார்கள், ஆனால் முள் கொஞ்சம் இறங்கும்.

மேல்கொத்மலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதே வேலை. மூடியின் நடு வால்வு துருவில் ஒட்டிப்போயிருந்தது, நகத்துக்கு அசையவே இல்லை. டோர்ச் அடித்துப் பார்த்தபோது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கீழ்ப்பாதி முழுக்க சேறும் பூச்சியும் புல் விதையும் சேர்ந்து பாய் மாதிரி படிந்திருக்கிறது. முன்னால் இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கம்பியால் ஒரு மூலையைக் கிளப்பியதும் துண்டாகக் கழன்று வந்தது. கழுவியாகிவிட்டது. காலையில் மேல் ஹோஸ் இறுகவில்லை, சூடேறும் வரை இளக்கமாகத்தான் இருந்தது.

பேன்தான் கவலை. சூடான என்ஜினை அணைத்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இங்கே ஒருவர் கப்ளிங்கை வெல்டிங் அடித்து இறுக்கிவிட்டால் எப்போதும் சுற்றும் என்கிறார். செய்யலாமா? தேர்மோஸ்டாட்டையும் சுடுதண்ணீரில் போட்டுப் பார்க்கட்டுமா?

கம்பளை பாஸ் எழுதியது:

வெல்டிங் வேண்டாம். இறக்கத்தில் என்ஜின் பிரேக் போட்டு வரும்போது சுற்று ஏறும், அப்போது இறுக்கிய பேனின் இறக்கை வெடித்தால் நேரே ரேடியேட்டருக்குள் போகும். உங்கள் கப்ளிங்கைத் திறந்து புது சிலிக்கன் ஒயில் ஊற்ற முடியும். அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். பேரிங் ஆடினால் மட்டும் மாற்றுங்கள்.

தேர்மோஸ்டாட்டைப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் தலவாக்கலையில் தண்ணீர் 96 அளவில் கொதித்துவிடும் என்பதை மனதில் வையுங்கள். 82 என்று பொறித்தது 95 அளவில்தான் முழுதாகத் திறக்கும், ஆக கொதிக்கும் தண்ணீரில்கூட மயிரிழையில்தான் முழுசாகத் திறப்பதைப் பார்ப்பீர்கள். 88 என்று பொறித்திருந்தால் அங்கே முழுக்கத் திறக்கவே திறக்காது, அதைப் பழுது என்று நினைத்து வீசிவிடாதீர்கள். திரும்பப் பூட்டும்போது விளிம்பில் ஆடுகிற சின்னக் குமிழ் மேலே வர வேண்டும், காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும்.

தண்ணீர் நிரப்பும்போது வண்டியின் மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து நிறுத்துங்கள், உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லையே. ஹீட்டரைச் சூட்டில் திறந்து, பின் ஹீட்டரையும் சேர்த்து, ஆறிய என்ஜினை மூடி போடாமல் ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழி நிற்கும் வரை ஊற்றுங்கள். டொல்பினில் பின் ஹீட்டருக்குப் போகும் நீளக் குழாயில்தான் காற்று ஒளிந்துகொள்ளும்.

வழியில் மறுபடி சூடேறினால்: தண்ணீர் வெளியே கொட்டவில்லை என்றால் உடனே அணைக்காமல் கொஞ்சம் அக்சிலரேட்டர் கொடுத்து ஓடவிடுங்கள், அதுவாக இறங்கும். ஆவி பீறிட்டால் அணைத்துவிடுங்கள். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற வரை மூடியைத் தொட வேண்டாம். ரோட்டோரப் பீலித் தண்ணீரைச் சூடான என்ஜினுக்குள் ஊற்றவே ஊற்றாதீர்கள். இல்லாத ஹெட் வேலை அப்போதுதான் உண்மையிலேயே வந்து சேரும்.

கப்ளிங் வேலை முடிந்து முதல் ஹயர் போய்வந்ததும் கினிகத்தேனையில் முள் எங்கே நின்றது, பேன் இரைந்ததா என்று இங்கே எழுதுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் ஏறினால் ரேடியேட்டரைக் கழற்றி உள்குழாய் பார்ப்போம்.