ஜெபம் மட்டும் போதுமா, திட்டமும் வேண்டுமா?

வியாசை வாலிபன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வியாசர்பாடியில் எங்கள் சபைக்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் இலவச டியூஷன் எடுக்கலாம் என்று வாலிபர் ஐக்கியத்தில் பேசினோம். யார் எந்தக் கிழமை, என்ன பாடம், மாதம் எவ்வளவு செலவு என்று எழுதிக் கமிட்டியில் கொடுத்தோம். ஒரு மூப்பர், "இது மாம்ச யோசனை, மனுஷ புத்தி. முதலில் உபவாசம் இருங்கள், ஆட்களைக் கர்த்தர் அனுப்புவார்" என்று சகரியா 4:6ஐக் காட்டினார்: "பலத்தினாலும் அல்ல, பராக்கிரமத்தினாலும் அல்ல, என்னுடைய ஆவியினாலேயே ஆகும்." பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. பள்ளிக்கூடமும் திறந்துவிட்டார்கள். திட்டம் போடுவது அவிசுவாசமா?

காசிமேட்டுக்காரன்:
தம்பி, அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி 9ஐப் படி. எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்டிய தலைவன் செருபாபேலின் கைகள் அஸ்திபாரம் போட்டது, அவன் கைகளே இதை முடித்துத் தீர்க்கும் என்று இருக்கிறது. ஆவியினாலே ஆகும் என்று கேட்ட அதே மனுஷன்தான் கல்லும் தூக்கினான். லூக்கா 5ஐயும் பார். பேதுருவுக்கும் கூட்டாளிகளுக்கும் ராத்திரி முழுக்க ஒரு மீனும் அகப்படவில்லை, ஆனாலும் காலையில் வலையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் துறைமுகத்தில் இன்றைக்கும் அதுதான் வழக்கம். மீன் இல்லாமல் திரும்பினாலும் வலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போக மாட்டோம். அழுக்கை உதறி, கிழிந்த கண்ணியைப் பின்னி வைத்துவிட்டுத்தான் தூங்கப் போவோம். இயேசு "வலையைப் போடு" என்று சொன்னபோது பேதுருவின் கையில் போடத் தகுந்த வலை இருந்தது.

எண்ணூர் சிஸ்டர்:
அண்ணே, வலை இருந்தது சரி. அந்த வலை ராத்திரி முழுக்க காலியாகத்தானே வந்தது? நிறைந்தது அவருடைய வார்த்தையினால். அதைத்தான் அந்த மூப்பர் சொல்கிறார். அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்துக்குள் எண்ணெய் புகுந்தது. படகு, வலை எல்லாம் கறுப்பாகப் படிந்து தொழிலே நின்றது. பல சபைகள் வந்தன. பட்டியல், டோக்கன், வரிசை, அரிசிப் பை, போட்டோ எல்லாம் ஒழுங்காக நடந்தது. அந்த உதவியை நான் குறை சொல்லவில்லை, பசித்தவர்கள் சாப்பிட்டார்கள். ஆனால் திட்டத்தில் எழுதியது முடிந்ததும் எல்லாரும் போய்விட்டார்கள். அப்புறமும் வீடு வீடாக வந்தது சில ஜெபக்குழு அம்மாக்கள்தான். அவர்களிடம் பட்ஜெட்டே கிடையாது. "ஆண்டவர் போகச் சொன்னார், வந்தோம்" என்றார்கள். "என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது" என்று இயேசு சொன்னதற்கு இதுதான் அர்த்தம்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜார்ஜ் முல்லர் அனாதைப் பிள்ளைகளை எப்படி வளர்த்தார்? எந்த மனுஷனிடமும் போய்ப் பணம் கேட்கவில்லை. ஆண்டவரிடம் மட்டும் கேட்டார்.

காசிமேட்டுக்காரன்:
அந்த அம்மாக்களை நானும் மதிக்கிறேன் சிஸ்டர். அவர்கள் ஜெபித்துவிட்டு வீட்டில் உட்காரவில்லையே, நடந்தார்களே. முல்லர் யாரிடமும் கேட்கவில்லை, உண்மை. ஆனால் வந்த ஒவ்வொரு காணிக்கைக்கும் கணக்கு எழுதி, வருஷாவருஷம் அச்சிட்டு வெளியிட்டார். கடன் வாங்க மாட்டேன் என்று இருந்தார். பிரிஸ்டலின் ஆஷ்லி டவுனில் அந்தப் பிள்ளைகளுக்காக 1849க்கும் 1870க்கும் நடுவில் ஐந்து பெரிய வீடுகள் எழும்பின. வரவு செலவு பார்க்காமலா அது நடந்திருக்கும்?

பெரம்பூர் அக்கா:
ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உழைப்பு அதிகமாகி ஆள் உடைந்துபோவதையும் நாம் பேச வேண்டும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து "போதும் கர்த்தாவே" என்றபோது, தேவன் அவனைத் திட்டவில்லை. தூங்கவிட்டு, அடையும் தண்ணீரும் கொடுத்தார். நாமோ களைத்துப்போன வாலிபர்களிடம் இன்னொரு கூட்டத்தைத் தலையில் கட்டுகிறோம். டியூஷன் ஆரம்பித்தால் யாருக்கு எந்த வாரம் ஓய்வு என்பதையும் எழுதி வையுங்கள்.

எண்ணூர் சிஸ்டர்:
அக்கா சொல்வது சரி. காசிமேடு அண்ணனுக்கு ஒரு கேள்வி. வங்காளத்தில் செராம்பூர் மிஷன் அச்சகம் 1812ல் தீப்பிடித்து, வேதத்தை மொழிபெயர்த்த மிஷனரி வில்லியம் கேரியும் கூட்டாளிகளும் பல வருஷம் உழைத்த கையெழுத்துப் பிரதிகள் எரிந்துபோயின. உழைப்பை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்திருப்பார்கள்? எது முதலில் என்பதுதான் என் வாதம். எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டப்போன நெகேமியா, அதற்கு முன்னே கிஸ்லேவு மாதத்தில் அழுது உபவாசித்தான். பெர்சிய ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதத்தில். நடுவில் கிட்டத்தட்ட நாலு மாதம்.

காசிமேட்டுக்காரன்:
அதே இடத்தைத்தான் நானும் சொல்ல வந்தேன். ராஜா "எப்பொழுது திரும்பிவருவாய்" என்று கேட்டதும் நெகேமியா காலம் குறித்தான். அதிபதிகளுக்குக் கடிதம் கேட்டான். வாசல்களுக்கு மரம் எந்த அதிகாரியிடம் வாங்குவது என்றுகூடத் தெரிந்து வைத்திருந்தான். முழங்காலில் இருந்த அந்த மாதங்களில் இதையும் யோசித்திருக்கிறான். எதிரிகள் கூடியபோது ஜெபம் பண்ணினார்கள், ஜாமக்காரரையும் வைத்தார்கள், இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது, 4:9. நீங்கள் ஜெபம் முதலில் என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஜெபிக்கும்போது பேப்பர் எடுக்கக்கூடாது என்று நெகேமியாவில் எங்கே இருக்கிறது?

வியாசை வாலிபன்:
அப்படியென்றால் எங்கள் பட்டியலையே மூப்பரிடம் கொடுத்து, அதில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி எங்களோடு சேர்ந்து ஜெபிக்கச் சொல்லலாமா?

எண்ணூர் சிஸ்டர்:
தாராளமாகக் கொடு தம்பி. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திலேயே கொடு. ஆனால் ஜெபத்தில் "இப்போது வேண்டாம்" என்று பதில் வந்தால் பட்டியலைக் கீழே வைக்கிற மனசோடு போ. அது இல்லாவிட்டால் முடிவு எடுத்துவிட்டு ஆண்டவரிடம் கையெழுத்து கேட்கிறாய் என்றுதான் நான் சொல்வேன்.

காசிமேட்டுக்காரன்:
இதை ஏற்கிறேன். ஆனால் தம்பி, எப்போது மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்று மூப்பரிடம் ஒரு தேதி வாங்கிக்கொண்டு வா. காலாண்டுப் பரீட்சை செப்டம்பரில் வந்துவிடும்.