பஜ்ஜி எண்ணெயில் பயோடீசல்: உங்கள் அனுபவம்?

பம்புசெட்காரன்:
டைட்ரேஷனில் பழைய எண்ணெயின் அமிலத்தை அளந்து, அதற்கேற்ற காஸ்டிக் சோடாவை மெத்தனாலில் கரைத்துத்தான் எண்ணெயில் போட்டது. பயோடீசலோடு கூடவே உண்டாகும் கிளிசரின் அழகாக அடியில் இறங்கியது, வடித்தாயிற்று. மேலே நின்ற பயோடீசலைக் கழுவலாம் என்று தண்ணீர் ஊற்றிக் கேனைக் குலுக்கினேன். மொத்தமும் மோர்க்குழம்பு! மறுநாளும் பிரியவில்லை. வீட்டம்மா எட்டிப் பார்த்து, "தாளிச்சுடட்டுமா?" என்றாள். அப்புறம் மோட்டார் ஓடியதெல்லாம் வேறு கதை. அந்தக் கேன்தான் கண்ணிலேயே நிற்கிறது.

கோத்தகிரி ஜீப்:
எனக்கு வில்லன் குளிர். பாமாயிலில் செய்தது, கோவையில் அண்ணன் வீட்டில். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும் வரை ஒரு குறையும் இல்லை, புகையில் வடை வாசனை வேறு. மார்கழி விடியலில் செல்ஃப் அடித்தால் உறுமுகிறது, பற்றவில்லை. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். உள்ளே வெள்ளையாக உறைந்து கிடக்கிறது! வெயில் ஏறிய பிறகுதான் வண்டி கிளம்பியது.

சல்லடை:
கோத்தகிரி நண்பரே, குளிர் மேலேயே பழி போடாதீர்கள். டேங்கில் படிந்த பழைய டீசல் கசடைப் பயோடீசல் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பிவிடும். எங்கள் டிராக்டர் நடு வயலில் நின்றது அதனால்தான்.
பம்புசெட் அண்ணா, முதல் கழுவலில் குலுக்கவே கூடாது. பூவாளியில் தூவுங்கள். மோரானால் கொஞ்சம் சூடாக்கி உப்புத் தண்ணீர் விடுங்கள், பிரியும். கழுவும் முன் 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. பயோடீசல் விட்டுப் பாருங்கள். அடியில் எண்ணெய் தங்கினால் வேதிவினை முடியவில்லை. பழைய எண்ணெயில் ஈரம் இருந்தாலும் சோப்பாகும், அந்தச் சோப்புதான் மோராக்குவது, முதலிலேயே காய்ச்சி ஈரத்தைப் போக்குங்கள். மெத்தனால் 65 டிகிரியை நெருங்கும்போதே கொதிக்கும், அதனால் கலவையை 55க்கு மேல் விடாதீர்கள். ரப்பர் ஹோஸையும் மாற்றிவிடுங்கள், இயற்கை ரப்பர் ஊறி உப்பிவிடும்.

கோத்தகிரி ஜீப்:
ஐயா, டேங்கைத் திறந்து என் கண்ணால் பார்த்தேன் என்கிறேன். கசடு வெயிலில் தானாக உருகுமா?

பழைய லேப்:
நீங்கள் எல்லாம் மெத்தனால் கிடைத்தவர்கள். 2024ல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் செத்த பிறகு ஒரு கெமிக்கல் கடையில் கேட்டேன். கடைக்காரர் கல்லாவை மூடிவிட்டு, "லைசென்ஸ் இருக்கா சார்?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர் கேட்டதில் தப்பில்லை, இங்கே அதற்கு லைசென்ஸ் வேண்டும். மெத்தனால் வைத்திருப்பவர்கள் வெட்டவெளியில் கலக்குங்கள். பட்டப்பகலில் அது எரிந்தால் தீ கண்ணுக்கே தெரியாது.

பம்புசெட்காரன்:
பூவாளி யோசனைக்கு நன்றி, ஆனால் எண்ணெய்க்கு எங்கே போக? 2018ல் பழைய சமையல் எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் ரூக்கோ திட்டம் வந்ததிலிருந்து பெரிய ஹோட்டல்களில் வேன் வைத்துக் காசு கொடுத்து எடுத்துப் போகிறார்கள். எனக்கு மிஞ்சியது தெருமுனை பஜ்ஜிக்கடை ஒன்றுதான். அவரோ அதே எண்ணெயை மறுநாளும் சட்டியில் ஊற்றுகிறார்.