உருளைக்கிழங்கு கிராட்டன்: பால் திரியுது, நடுவுல வேகல

கேள்வி:
கிராட்டன் (கிழங்கு வில்லைகளைப் பாலோட ஓவன்ல வேகவைக்கிறது) செய்றேன். 1 கிலோ கிழங்கு, அரை லிட்டர் கொழுப்பு நீக்கின பால், மேலே சீஸ். ஓவன்ல 200 டிகிரியில் 50 நிமிஷம். மேல்பக்கம் கருகுது, நடு வில்லை நறுக்குனு இருக்கு, அடியில தண்ணியும் திப்பியுமா நிக்குது. வில்லைகளை மூணு தண்ணியில அலசித்தான் போடுறேன். எங்க தப்பு?

பதில் 1:
அலசுறதுதான். சிப்ஸுக்குச் சரி, இதுக்கு ஆகாது. வில்லையில ஒட்டியிருக்கிற மாவுச்சத்துதான் பாலைக் கெட்டியாக்கும், திரியவும் விடாது. முழுக்கிழங்கா கழுவுங்க, அரிஞ்சபிறகு நேரா பாலுக்குள்ள போட்டுடுங்க, கறுக்கவும் செய்யாது.

அடுத்தது பால். கொழுப்பு கம்மியா இருந்தா இந்தச் சூட்டைத் தாங்காது. 1 கிலோவுக்கு 300 மி.லி. கிரீம், 250 மி.லி. கொழுப்பெடுக்காத பால், தட்டின பூண்டு 2 பல், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, மிளகு, துளி ஜாதிக்காய். வில்லை 3 மி.மீ. தாண்டக் கூடாது. எல்லாத்தையும் அடிகனமான பாத்திரத்துல சிம்ல 8 நிமிஷம் வைங்க; அடிபிடிக்கும், பக்கத்துலயே நில்லுங்க. வில்லையைத் தூக்கினா வளையணும், ஒடியக் கூடாது, பால் கரண்டியில கஞ்சி மாதிரி ஒட்டணும். வெண்ணெய் தடவின தட்டுல 5 செ.மீ. உயரத்துக்குள்ள பரப்பி, ஃபாயில் மூடி 160 டிகிரியில் 40 நிமிஷம். பிறகு ஃபாயிலை எடுத்துட்டு 180-ல் 20 நிமிஷம். கத்தி தடையில்லாம இறங்கணும். வெளிய எடுத்ததும் வெட்டினா ஓடத்தான் செய்யும், 15 நிமிஷம் பொறுங்க.

பதில் 2:
அடுப்புல முன்னாடியே வேகவைக்கணும்னு இல்லைங்க. பச்சையா அடுக்கி, கிரீம் கலவையைச் சூடா ஊத்தி 150-ல் ஒன்றரை மணி நேரம் விட்டா வில்லை உடையாம அடுக்கு அழகா நிக்கும். நேரம்தான் இழுக்கும். ஃபேன் ஓடுற ஓவன்னா 20 டிகிரி குறைங்க. ஓவனோட மேல் சூட்டுக் கம்பி மட்டும் எரியுதான்னும் பாருங்க, கருகலுக்கு அதுகூட காரணமா இருக்கலாம்.

சீஸைக் கடைசி 20 நிமிஷத்துல தூவுங்க. பிரான்ஸின் தோஃபினே பகுதிப் பழைய முறையில சீஸே கிடையாது.

கேட்டவர்:
நன்றி. கிரீம் இல்லாம, பால் மட்டும் வச்சு முடியுமா?

பதில் 1:
முடியும், ருசி ஒரு படி கீழதான். 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெயில 2 டேபிள்ஸ்பூன் மைதாவைப் பச்சை வாசம் போக வறுத்து, அரை லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கிளறுங்க. ஒரு கொதி வந்தா போதும். அதுல கிழங்கைப் போட்டு மேலே சொன்ன மாதிரியே. மாவு சேர்ந்த பால் சீக்கிரம் அடிபிடிக்கும், கையெடுக்காதீங்க.