தாகூரின் ‘பாஷி’ கவிதை: வங்காளம் அறிந்தவர்கள் உதவ வேண்டும்

வணக்கம் நண்பர்களே. தாகூர் என்றாலே ‘கீதாஞ்சலி’, ஆன்மிகம், வெண்தாடி என்று நிறுத்திவிடுகிறோம். அது எனக்கு நெடுநாள் மனக்குறை. அடுத்த மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் அவருடைய யதார்த்தத்தைப் பற்றிப் பேச இருக்கிறேன்.

1932-இல் வந்த ‘புனஸ்ச’ தொகுப்பில் உள்ள ‘பாஷி’தான் என் மையம். பாஷி என்றால் புல்லாங்குழல். கல்கத்தாவின் ஒரு சந்தில் குடியிருக்கும் ஹரிபதன், 25 ரூபாய்ச் சம்பளக் குமாஸ்தா. விளக்குச் செலவை மிச்சப்படுத்த மாலை நேரத்தை சியால்தா ரயில் நிலையத்தில் கழிக்கிறான். அதே வாடகையில் அறையில் ஒரு பல்லியும் வாழ்கிறது. அதற்குச் சாப்பாட்டுக் குறை மட்டும் இல்லை! சந்தில் மாங்கொட்டை, பலாச்சக்கை, மீன் செவுள், செத்த பூனைக்குட்டி எல்லாம் அழுகிக் கிடக்கின்றன. கடைசியில் சந்தின் முனையில் குடியிருப்பவர் கார்னெட் என்ற பித்தளை ஊதுகருவியை வாசிக்க, அந்த இசையில் அக்பர் பாதுஷாவுக்கும் ஹரிபதனுக்கும் வேறுபாடே இல்லாமல் போகிறது.

அந்த முடிவு யதார்த்தத்திலிருந்து தப்புவதா, அல்லது ஏழைக்கும் கனவு உண்டு என்பதே யதார்த்தமா? நான் இரண்டாவதையே நம்புகிறேன். ஆனால் ஆங்கிலம் வழியாக மட்டுமே படித்திருப்பதால் தயக்கம்.

மூலத்தில் அந்த இடத்தில் நடையும் சொற்களும் மாறுகின்றனவா? வங்காளத்திலிருந்து நேரடியாகத் தமிழாக்கம் வந்திருக்கிறதா? உழவரின் வாழ்வுக்குள் தன்னால் நுழைய முடியவில்லை என்று 1941-இல் அவரே ஒப்புக்கொண்ட ‘ஐகதான்’ கவிதைக்கும் தமிழாக்கம் தேடுகிறேன். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.