ஜிட்சி சர்வர்: 15 பேரைத் தாண்டினால் குரல் உடைகிறது

கேட்டவர்: தறிநாடா

டெபியன் லினக்ஸ் சர்வரில் ஜிட்சி மீட் (வீடியோ மீட்டிங் மென்பொருள்) போட்டிருக்கிறோம். 4 கோர், 8 ஜிபி ரேம். அலுவலக ஃபைபர் லைன்: டவுன்லோட் 100, அப்லோட் 50 எம்பிபிஎஸ். எல்லாரும் வீட்டிலிருந்து, கேமராவோடு. 8 பேர் வரை சுத்தமாக இருக்கிறது. 15-ஐ நெருங்கினால் குரல் விட்டு விட்டு வருகிறது. 20-க்கு மேல் ஒன்றும் புரியாது. சிபியு 25 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ரேமைக் கூட்டவா, ரூட்டரில் க்யூஓஎஸ் (எந்த டிராஃபிக் முதலில் போகணும் என்ற முன்னுரிமை) போடவா?

பாக்கெட்பாண்டி:

ரேமில் கை வைக்காதீங்க. ஜிட்சி பிரிட்ஜ் (சர்வரில் குரலையும் படத்தையும் எல்லாருக்கும் அனுப்பும் பகுதி) படங்களைக் கலந்து புதிதாகச் செய்வதில்லை, வந்ததைப் பிரதியெடுத்து அனுப்பும், அவ்வளவுதான். சிபியு சும்மா இருக்கும், அப்லோட் நிரம்பி வழியும்.

டைல் வியூவில் (எல்லார் முகமும் கட்டம் கட்டமாகத் தெரியும் திரை) ஒரு கட்டம் 180 வரி, சுமாராக 200 கேபிபிஎஸ். ஒவ்வொருவருக்கும் மற்ற அத்தனை பேர் படமும் போகணும். 8 பேருக்கு 8 × 7 × 200, அதாவது 11 எம்பிபிஎஸ். 15 பேருக்கு 42. 25 பேருக்கு 120. உங்க லைன் 50. எங்கே முட்டுதுன்னு நானே சொல்லணுமா?

ஈடிசி, ஜிட்சி, மீட் ஃபோல்டருக்குள் உங்க டொமைன் பெயரில் இருக்கும் கான்ஃபிக் ஜேஎஸ் ஃபைலைத் திறங்க. ‘சேனல் லாஸ்ட் என்’ -1 என்று இருக்கும், 5 ஆக்குங்க. கடைசியாகப் பேசிய 5 பேர் படம் மட்டும் போகும், குரல் எல்லாருக்கும் கேட்கும். 25 பேருக்கும் 25 எம்பிபிஎஸ்ஸில் முடிந்துவிடும். வீடியோ உயரத்தை 720-லிருந்து 360-க்கு இறக்குங்க, இல்லாவிட்டால் யாராவது ஒருவரைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது கணக்கு உதைக்கும். ‘ஸ்டார்ட் ஆடியோ மியூட்டட்’ 10 வையுங்க: பத்துப் பேருக்குப் பிறகு வருகிறவர் மைக் மூடியபடியே நுழைவார். மிக்ஸி சத்தமும் குறையும்.

வலைமேடு:

மேலே சொன்னதுதான் முதல் வேலை. க்யூஓஎஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். ஜிட்சியில் குரலும் படமும் ஒரே யூடிபி 10000 போர்ட்டில் போகின்றன. போர்ட்டை வைத்து முன்னுரிமை கொடுத்தால் இரண்டும் சேர்ந்தேதான் ஏறும், குரலுக்கென்று தனி லாபம் இல்லை. டிஎஸ்சிபி முத்திரை (பாக்கெட்டிலேயே முன்னுரிமையைக் குறிப்பது) குத்தினாலும் உங்க ரூட்டரைத் தாண்டியதும் பெரும்பாலும் மதிக்க மாட்டார்கள்.

உருப்படியானது ‘கேக்’ க்யூ, பாக்கெட் வரிசையைத் தேங்காமல் பங்கிட்டு அனுப்பும் முறை. ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான திறந்த மென்பொருள்) ரூட்டராக இருந்தால் எஸ்க்யூஎம் என்ற வரிசை அமைப்பில் அப்லோடை 45 என்று கட்டுங்க, 50 என்று வேண்டாம். அப்போதுதான் வரிசை மோடத்தில் தேங்காமல் உங்க ரூட்டரில் நிற்கும். மீட்டிங் நேரத்தில் பேக்கப் ஓடினாலும் குரல் நசுங்காது.

பாக்கெட்பாண்டி:

சர்வரிலேயே பாக்கெட் தவறிப்போகிறதா என்றும் பாருங்க. ‘நெட்ஸ்டாட் -எஸ்யூ’ அடித்தால் ‘ரிசீவ் பஃபர் எரர்ஸ்’ வரி வரும். மீட்டிங் நடக்கும்போது அது ஏறிக்கொண்டே போனால் சிஸ்கன்ட்ரோலில் (லினக்ஸ் கர்னல் அமைப்பு) ‘நெட் கோர் ஆர்மெம் மேக்ஸ்’ மதிப்பை 10485760 ஆக்கி, பிரிட்ஜை ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஓடும் மீட்டிங் அறுந்துவிடும், ஆகவே ராத்திரியில். ஏறவில்லையா, தொடாதீங்க.

தறிநாடா:

நன்றி அண்ணே. 5 என்று மாற்றி, இன்னொருத்தரோடு பேசிப் பார்த்தேன். எந்த வித்தியாசமும் தெரியவில்லையே?

வலைமேடு:

இரண்டு பேர் மட்டும் என்றால் ஜிட்சி நேரடி இணைப்புக்குத் தாவிவிடும், குரலும் படமும் பிரிட்ஜ் பக்கமே வராது. அதை வைத்து சர்வரைச் சோதிக்கவே முடியாது. லாஸ்ட் என் வேலை செய்வதைப் பார்க்கக் குறைந்தது 7 பேர் வேண்டும், ஏழு டேப் திறந்தாலும் போதும். முதலில் பிரவுசர் கேஷை அழித்துப் பக்கத்தை ரீலோட் பண்ணுங்க, பழைய கான்ஃபிக் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு கட்டத்தின் மூலையிலுள்ள சிக்னல் கோடுகளைத் தொட்டால் பாக்கெட் லாஸ் (வழியில் தொலைந்த பாக்கெட்) மேலே, அதாவது அவர் அனுப்புவதில் எவ்வளவு, கீழே, அதாவது அவருக்கு வருவதில் எவ்வளவு என்று காட்டும். எல்லார் திரையிலும் கீழ்நோக்கிய லாஸ் ஒன்றாக ஏறினால் குறை உங்க அப்லோடில். ஒருத்தருக்கு மட்டும் என்றால் அவர் வீட்டு வைஃபையைப் பார்க்கச் சொல்லுங்க.